சம்பந்தி வீட்டு நாய்

அத்தியாயம் பதினொன்று

அபோந்தி காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது அந்தச் சத்தம் கேட்டது. தொண்டை கட்டிய வாத்து ஒன்று கத்துவதைப்போல இருந்தது. அவள் வளவில் வாத்து கிடையாது.

வாயைக் கொப்பளித்துவிட்டுக் காது கொடுத்தாள். மறுபடி அதே கத்தல், நான்கைந்து முறை. கடைசியில் குமட்டி எதையோ துப்பும் ஓசை. நாய் விடுதியின் கடைசி அறையிலிருந்து வந்தது. அதாவது, ஜெனரலின் அறையிலிருந்து.

அன்று வியாழன். சனிக்கிழமை ஒமோலோவின் வீட்டார் பெண் கேட்டு வருகிறார்கள். பெண்ணுக்காகத் தர வேண்டிய மாட்டுக் கணக்கெல்லாம் ஆண்கள் பேசிக்கொள்வார்கள். பெண்ணைப் பெற்றவள் செய்ய வேண்டியது ஒன்றுதான்: அவர்கள் தருவதை வாங்கிக்கொண்டு "ஆயியே" என்று ஒரு சொல் சொல்ல வேண்டும். சம்மதம் என்று பொருள். அந்த ஒரு சொல்லுக்குத் தன்னைத் தயார் செய்துகொள்ள அபோந்திக்கு ஐந்து மாதம் பிடித்தது. மாப்பிள்ளை ஒமோலோ நைரோபியில் வங்கி அதிகாரி. அவன் அம்மா தோர்சிலா ராபுரு முப்பது வருடம் தலைமை ஆசிரியையாக இருந்தவள். அபோந்தி குழந்தைகள் வார்டில் பதினாறு வருடம் ஆயாவாக இருந்தவள். "பெரிய இடம் வேண்டாம்டி" என்று அவள் தயங்கியதும், மகள் அவினோ ஒற்றைக்காலில் நின்று ஜெயித்ததும் பழைய கதை.

போலீஸ் நாய்ப் படையில் இருந்த கணவன் ஒத்தியெண்டே இறந்தபோது, அவனோடு ஓய்வு பெற்ற கிழட்டு நாய் ஒன்றுதான் அவளுக்கு மிஞ்சியது. அதை வைத்துக்கொண்டு ரியாட் குன்றின் மேல் அவள் ஆரம்பித்த நாய் விடுதி இன்று பத்து அறைகளாக நிற்கிறது. டிசம்பர் பிறந்துவிட்டால் கிசுமு நகரத்தில் பாதிப் பேர் சொந்த ஊருக்கும் கடற்கரைக்கும் கிளம்பிவிடுவார்கள். அவர்கள் வீட்டு நாய்கள் எல்லாம் அபோந்தியிடம்தான்.

வாசல் கம்பிக்கதவில் ஒரு பலகை தொங்கும். "தடுப்பூசி அட்டை இல்லாத நாய்க்கு இடமில்லை. யாராக இருந்தாலும்." கடைசி இரண்டு சொற்களை அபோந்தியே பெயின்டால் தடித்து எழுதியிருந்தாள்.

எட்டு நாளுக்கு முன், அந்தப் பலகையைத் தாண்டித்தான் தோர்சிலாவின் கார் உள்ளே வந்தது. பின் சீட்டில் ஜெனரல். ஒமோலோவின் நாய். அவன் வீடு மாற்றுகிறானாம், நாயை அம்மாவிடம் விட்டிருக்கிறான். அம்மாவுக்கு விருந்து வேலை. "நம்ம வீட்டு நாய், உங்க வீட்ல இருக்கட்டும்" என்றாள் தோர்சிலா. அபோந்தி டீ போட்டாள். நிலக்கடலை வறுத்தாள். அட்டையைப் பற்றி வாய் திறக்கவில்லை. சம்பந்தியிடம் அட்டை கேட்பது, விருந்துக்கு வந்தவளின் கையைப் பிடித்து நகத்தில் அழுக்கு இருக்கிறதா என்று பார்ப்பதைப்போல அவளுக்குப் பட்டது.

இப்போது அதே கடைசி அறையை நோக்கி, ஈரக் கையைப் பாவாடையில் துடைத்தபடி, வேகமாக நடந்தாள்.

அறை வாசலில் ஒந்திதி குந்தியிருந்தார். விடுதியில் நாய்களுக்குச் சமைப்பதும் கழுவுவதும் அவர்தான். அறுபதை நெருங்குகிறவர், ஏரியில் படகோட்டியாக இருந்தவர். மடியில் ஒரு பேசின், அதில் ஆவி பறக்கும் உகாலி, சோளமாவுக் களி.

"முள்ளுதாம்மா" என்றார் திரும்பாமலே. "நேத்து மீன் தலை போட்டேன்ல, மாட்டிக்கிச்சு. மூணு உருண்டை உள்ள தள்ளியாச்சு. நாலாவதுல எறங்கிரும்."

"மூணையும் தின்னுச்சா?"

"தின்னுச்சாவா? என் விரலையும் சேத்துத் தின்னப் பாத்துச்சு."

ஏரிக்கரையில் பிறந்தவர்களுக்கு இருமல் என்றதும் முதலில் தோன்றுவது மீன் முள்தான். மெல்லாமல் விழுங்கும் சோளமாவு உருண்டை ஒன்று, அதற்குமேல் மருந்து இல்லை. ஒந்திதி தன் மூன்று பிள்ளைகளையும் அப்படித்தான் வளர்த்திருக்கிறார். ஆனால் அபோந்தி ஜெனரலைப் பார்த்தாள். அது வாலை ஆட்டிக்கொண்டு நாலாவது உருண்டைக்குக் காத்திருந்தது. முள் மாட்டிய நாய் இப்படி இருக்காது. எச்சில் வழியவிட்டு, முன்காலால் வாயைப் பிறாண்டிக்கொண்டு, தட்டைத் திரும்பியும் பார்க்காமல் நிற்கும்.

அவினோவைக் கூப்பிட்டு டார்ச் கொண்டுவரச் சொன்னாள். அவினோ டவுனில் கால்நடை மருந்துக் கடை ஒன்றில் வேலை பார்க்கிறாள். சனிக்கிழமை விருந்துக்காக இந்த வாரம் லீவு. வந்தவள் ஜெனரலின் வாயைப் பழக்கமான கையால் பிளந்து டார்ச் அடித்தாள். நாக்கின் அடி, பல்லிடுக்கு, தொண்டை வரை சுத்தமாக இருந்தது.

அபோந்தி கழுத்துப் பட்டைக்குக் கீழே, மூச்சுக்குழல் மேல் இரண்டு விரலை வைத்து மெல்ல அழுத்தினாள்.

உடனே வந்தது. ஜெனரல் முன்கால்களை அகட்டி, கழுத்தை நீட்டி, வாத்துபோல் கத்தி இருமியது. இருமி முடித்துக் குமட்டி, வெள்ளை நுரையாகக் கொஞ்சம் கக்கியது. அப்புறம், ஒன்றுமே நடக்காததுபோல், பேசினைப் பார்த்தது.

பதினாறு வருடம் வார்டில் இந்தச் சத்தத்தோடு வாழ்ந்தவள் அபோந்தி. மூச்சு முட்ட இருமி, கடைசியில் கக்கி, தாயின் தோளில் தலை சாய்க்கும் குழந்தைகள். அந்தக் கக்குவானுக்கு நாய்களிடம் ஒரு சொந்தக்கார நோய் உண்டு. பல நாய்கள் கூடும் இடத்தில் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவும். நாய் வளர்க்கிறவர்கள் அதை விடுதி இருமல் என்பார்கள்.

"முள்ளு இல்லண்ணே. இது நாய்க்கு வர்ற கக்குவான்."

அவினோ டார்ச்சை அணைத்தாள். "அதெப்படிம்மா? மூக்குல விடுற தடுப்பு மருந்து போட்ட நாயத்தானே உள்ள விடுற? அட்டையப் பாக்காம நீ யாரையும்..." பாதியில் நிறுத்தி அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். "பாக்கலையா?"

"உன் மாமியார்கிட்ட நான் எப்படிடி கேப்பேன்?"

"அவங்க எனக்கு இன்னும் மாமியார் ஆகல."

அபோந்தி ஒந்திதி பக்கம் திரும்பினாள். அவள் கண் ஒந்திதியின் பேசின் மேல் இருந்தது. பெரிய பேசின். ஒரு நாய்க்கு இவ்வளவு உகாலி எதற்கு? மற்ற நாய்கள் எல்லாம் சும்மா இருந்தனவா என்று கேட்டாள்.

ஒந்திதிக்குக் கேள்வியே விளங்கவில்லை. ஒன்பது பேர் பார்த்துக்கொண்டு நிற்க ஒருவனுக்கு மட்டும் எப்படி ஊட்டுவது? ஆளுக்கொரு உருண்டை கொடுத்திருந்தார். அதே பேசின், அதே கை, ஜெனரலில் ஆரம்பித்து வரிசையாக.

"பந்தியில ஒருத்தனுக்கு மட்டும் பரிமாறுற பழக்கம் எங்க வீட்ல இல்லம்மா."

அவரைக் கோபிக்க அபோந்திக்கு நாக்கு எழவில்லை. அவர் அன்பை ஊட்டியிருந்தார். தப்பு எட்டு நாளுக்கு முன், டீ கொதித்துக்கொண்டிருந்தபோது நடந்திருந்தது.

ஆனால் வருத்தப்பட நேரமில்லை என்று வார்டு அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தது. வருத்தம் சாயந்தரம் வரை காத்திருக்கும், கிருமி காத்திருக்காது. ஜெனரலின் கழுத்துப் பட்டையைக் கழற்றிவிட்டு நெஞ்சுவார் மாட்டினாள். பட்டை இழுக்க இழுக்க இருமல் கூடும். வளவின் மேல்கோடியில் காலியாகக் கிடந்த கோழிக்கொட்டகைக்கு அதை நடத்திப் போனாள். ஏரிக்காற்று விடுதியைத் தாண்டித்தான் அங்கே போய்ச் சேரும். ஒந்திதியைச் சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவ வைத்து, சட்டையை மாற்றச் சொன்னாள். பொதுத் தண்ணீர்த் தொட்டியைக் கவிழ்த்தாள். தட்டுகளை எல்லாம் பிளீச்சிங் கரைத்த தண்ணீரில் முக்கி, ஒவ்வொன்றிலும் ஒரு பெயர் எழுதினாள். இனி கொட்டகைக்குப் போக ஒரு தனிச் செருப்பு, ஒரு தனி அங்கி. முதலில் நல்ல நாய்களுக்குச் சாப்பாடு, கடைசியில்தான் ஜெனரலுக்கு.

"உங்க வீட்ல பந்தி எப்படியோ, எங்க வார்டுல இப்படித்தான்" என்று ஒந்திதியிடம் சொன்னாள். அவர் சிரிக்கவில்லை, ஆனால் மறுநிமிஷமே எல்லா ஜன்னல்களையும் திறந்துவைத்தார்.

கால்நடை டாக்டர் நாலியாகா பத்து மணிக்கு வந்தாள். இளம் வயது, பேச்சு குறைவு. ஜெனரலுக்குக் காய்ச்சல் பார்த்து, நெஞ்சில் குழல் வைத்துக் கேட்டாள். காய்ச்சல் இல்லை, நெஞ்சு சுத்தம். மருந்து மாத்திரை எதுவும் இப்போது வேண்டாம், ஓய்வு போதும் என்றாள். வெதுவெதுப்பான கஞ்சி, ஒரு கரண்டி தேன் கலந்த வெந்நீர், குளியலறைக் கதவைச் சாத்தி வெந்நீர் ஆவியில் பத்து நிமிடம் உட்காரவைத்தல். வீட்டில் மனுஷருக்கு வாங்கிவைத்த இருமல் டானிக்கை மட்டும் தப்பித்தவறியும் ஊற்றக் கூடாது. இரண்டு மூன்று வாரத்தில் தானே சரியாகும்.

பிறகு ஒவ்வொரு அறையாகப் பார்த்துக்கொண்டு வந்தவள் ஒன்பதாவது அறையில் நின்றாள். ஜெனரலுக்கு அடுத்த அறை. உள்ளே லட்டு. குஜராத்திக்காரர் பட்டேல் வீட்டு ஹேமாங்கினி பென்னின் குட்டி, நான்கே மாதம். அந்தக் குடும்பம் ஒரு உறவுக்காரக் கல்யாணத்துக்காக மொம்பாசா போயிருந்தது.

லட்டுவின் அறை மூலையில் காலை உகாலி உருண்டை அப்படியே கிடந்தது. மூக்கில் மஞ்சளாகச் சளி. அபோந்தி குட்டியைத் தூக்கியபோது அதன் வயிறு அவள் முழங்கையில் வேகவேகமாக ஏறி இறங்கியது.

"நூத்தி நாலு" என்றாள் டாக்டர் வெப்பமானியைப் பார்த்து. "பெரிய நாய்க்கு இது ஜலதோஷம் மாதிரி. குட்டிக்கும், கிழட்டு நாய்க்கும் அப்படி இல்ல. நெஞ்சுல எறங்கிரும். நல்லவேளை, ஆரம்பத்துலயே பாத்துட்டோம்."

"மருந்து போட்ட குட்டிதானே, டாக்டர்?" என்றாள் அவினோ. "அட்டை இருக்கே."

"மூக்குல விட்டு நாலு நாள்தான் ஆகியிருந்துச்சு, அதுக்குள்ள இவன் பக்கத்துல வந்துட்டான். அதோட, அந்த மருந்து இரும்புக் கதவு இல்ல. கொசுவலை மாதிரி. ஒண்ணு ரெண்டு நுழையும். மத்ததுங்களுக்கு வந்தாலும் லேசாத்தான் வரும்."

லட்டுவுக்கு ஊசி போட்டாள். எடை பார்த்து மாத்திரை எழுதிக் கொடுத்தாள். இன்று ராத்திரிக்குள் மூச்சு இன்னும் வேகமானால் நேராகக் கிளினிக்குக்குத் தூக்கி வரச் சொன்னாள். போகும்போது, கைப்பையை மூடியபடி கேட்டாள், ஜெனரல் இங்கே வருவதற்கு முன் எங்கே இருந்தது என்று. இந்த இருமல் பிடித்து வெளியே தெரிய இரண்டு வாரம்கூட ஆகலாம். வேறு ஏதாவது விடுதியில் இருந்திருந்தால் அங்கேயும் சொல்ல வேண்டும்.

யாருக்கும் தெரியவில்லை.

"அட்டையப் பாத்தா தெரியும்" என்றாள் டாக்டர். "அப்புறம், மூணு வாரம் புது நாய் எதையும் எடுக்காதீங்க. நாய்க்காரங்க எல்லாருக்கும் சொல்லிருங்க."

சொல்லிவிடுங்கள். எவ்வளவு சின்ன வார்த்தை.

மதியம் ஒதேரோ வந்தான். ஒத்தியெண்டேயின் தம்பி. அண்ணன் இல்லாத வீட்டில் பெண்ணின் சார்பில் பேசப்போகிறவன் அவன்தான். பந்தல்காரனுக்காக வளவை அளக்க நாடாவும் கையுமாக வந்தவன், பிளீச்சிங் வாடையில் மூக்கைப் பொத்தினான். விஷயத்தைக் கேட்டதும் அளப்பதை விட்டுவிட்டுப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தான்.

அவன் முட்டாள் இல்லை. அவன் சொன்னதில் நியாயமும் இருந்தது. நாய் சாகப்போவதில்லை என்று டாக்டரே சொல்லியாயிற்று. குட்டிக்கு ஊசி போட்டாயிற்று. நாய்க்காரர்கள் எல்லோரும் வெளியூரில். இரண்டே நாள். சனிக்கிழமை நல்லபடியாக முடியட்டும், ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லோருக்கும் சொல்லலாம். இப்போது தோர்சிலாவைக் கூப்பிட்டு, உங்கள் வீட்டு நாய் நோய் கொண்டுவந்தது என்று சொன்னால், அது அவள் முகத்தில் கரி பூசுவதாகாதா? பெண்ணைக் கொடுப்பதற்கு முன்பே குற்றம் சொல்கிற சம்பந்தி வீட்டுக்கு யார் வருவார்கள்?

"முள்ளுன்னே இருக்கட்டும் அண்ணி. ஒந்திதி அண்ணன் சொன்னதுதான் சரி. ரெண்டு நாளைக்கு அது முள்ளு."

"அந்தக் குட்டிக்கும் முள்ளா?"

"நாய் இருமுச்சுன்னு பொண்ணு கல்யாணத்தக் கெடுத்தவன்னு இந்தக் குன்று பூரா பேசும். நான் சொல்லிட்டேன்."

அபோந்தி எழுந்து சமையலறைக்குள் போனாள். ஜன்னல் வழியாகக் கீழே ஏரி வெயிலில் பளபளத்தது. லட்டு ஒரு அட்டைப்பெட்டிக்குள், பழைய துண்டு ஒன்றில் சுருண்டிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து அதன் விலா ஏறி இறங்குவதை எண்ணினாள். வார்டில் எத்தனை ராத்திரி இப்படி எண்ணியிருக்கிறாள்.

தோர்சிலா கோபிப்பாளே என்றுதான் காலையிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தாள். இப்போது, குட்டியின் மூச்சை எண்ணும்போது, அது அல்ல என்று தெரிந்தது. தோர்சிலா கோபித்தால் தாங்கிக்கொள்ளலாம். தன்னைச் சின்னவளாகப் பார்த்துவிட்டால்? அட்டை கேட்டிருந்தால், ஆயா வேலை பார்த்தவளுக்கு இதுதான் தெரியும் என்று நினைத்திருப்பாளோ என்ற அந்த ஒரு கணத்து நினைப்பு. அதற்கு மரியாதை என்று தானே ஒரு பெயர் வைத்து, தானே நம்பி, எட்டு நாள் சும்மா இருந்துவிட்டாள். மரியாதை என்றால் கேட்டிருப்பாள். அது பயம். இந்தக் குட்டி அந்தப் பயத்தைத்தான் இப்போது மூச்சாக இழுத்துக்கொண்டிருக்கிறது.

பெயர் தெரிந்துவிட்டால் எந்த நோயும் பாதி குறைந்துவிடுகிறது. அபோந்திக்கு நெஞ்சு லேசானது.

ஆனால் கல்யாணம் அவளுடையது அல்ல. அவினோவைக் கூப்பிட்டாள்.

"உன் சித்தப்பா சொல்றது காதுல விழுந்துச்சில்ல? நான் போன் பண்ணப்போறேன். சனிக்கிழமை அவங்க வரலன்னா, நீ என்னைத் திட்டக் கூடாது."

அவினோ குட்டியின் மூக்கை ஈரப்பஞ்சால் துடைத்துக்கொண்டிருந்தாள். "ஒரு இருமல் வந்து என் கல்யாணத்த நிறுத்தும்னா, அது இருமலோட தப்பு இல்லம்மா" என்றாள். "பண்ணு."

முதல் போன் மொம்பாசாவுக்கு. ஹேமாங்கினி பென் மூன்று நிமிடம் அழுதாள். அபோந்தி அழவிட்டு, பிறகு டாக்டர் சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னாள். குட்டி கொஞ்சம் கஞ்சி குடித்ததையும் சொன்னாள். அட்டையில்லாத நாயை எதற்குச் சேர்த்தீர்கள் என்று கேட்டதும், அபோந்தி ஒரு மூச்சு எடுத்துக்கொண்டாள். சம்பந்தி வீட்டு நாய், கேட்கக் கூச்சப்பட்டேன், தப்பு என்னுடையது என்றாள். மறுமுனையில் மூக்கு உறிஞ்சும் ஓசை. பிறகு ஹேமாங்கினி பென், தன் நாத்தனார் வீட்டு ஆள்களிடம் தானும் இப்படித்தான் வாயை மூடிக்கொண்டு இருப்பதாகச் சொன்னாள்.

அதற்குப் பிறகு சொல்வது எளிதாகிக்கொண்டே போனது. அடுத்த நாய்க்காரர், ஒரு பல் டாக்டர், கத்தினார். உடனே டிரைவரை அனுப்பி நாயை எடுத்துக்கொள்கிறேன் என்றார். தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள் என்றாள் அபோந்தி. ஆனால் மூன்று வாரம் பக்கத்து வீட்டு நாய்களோடு விடாதீர்கள், இருமினால் கிளினிக்கின் கூடத்தில் உட்காராமல் காரிலேயே காத்திருந்து டாக்டரைக் கூப்பிடுங்கள் என்றாள். அவர் குரல் இறங்கியது. நாய் அங்கேயே இருக்கட்டும் என்றார். பாதிரியாருக்குத் தன் நாய் எப்போதும் இருமுவதாகவே ஞாபகம். ஓய்வு பெற்ற விமானி, நன்றி என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். ஒன்பதாவது ஆளிடம் பேசும்போது அபோந்தி தன் குரலைத் தானே கேட்டாள். வார்டில் புது ஆயாக்களுக்கு வேலை சொல்லும் பழைய அபோந்தியின் குரல் அது.

பத்தாவது எண்ணை அழுத்துவதற்கு முன் ஒதேரோ ஒருமுறை அண்ணி என்றான். அவள் திரும்பவில்லை.

தோர்சிலா முழுவதையும் குறுக்கிடாமல் கேட்டாள். வகுப்பில் பிள்ளை தப்பை ஒப்பிக்கும்போது ஆசிரியை கேட்பதைப்போல.  பின்னணியில் யாரோ பாத்திரம் தேய்க்கும் ஓசை மட்டும்.

"அலேகோப் பொண்ணே" என்றாள் கடைசியில். பிறந்த ஊரைச் சொல்லிக் கூப்பிடுவது மரியாதை. இதுவரை அவள் அபோந்தியை அப்படிக் கூப்பிட்டதில்லை. "உங்க வாசல்ல ஒரு பலகை தொங்குதே, அத நீங்கதான் எழுதினீங்களா?"

"நான்தான்."

"யாராக இருந்தாலும்னு போட்டிருந்துச்சு. அதப் படிச்சிட்டு, கேப்பீங்க, உடனே எடுத்துக் கொடுக்கணும்னு அந்த அட்டைய நாய் கூட வந்த பையிலயே, பக்கவாட்டு ஜிப்புக்குள்ள வச்சிருந்தேன். ஒமோலோ குடுத்தது, நான் தெறந்துகூடப் பாக்கல. நீங்க கேக்கல. டீ குடிச்சேன், கடலை தின்னேன், நீங்க கேக்கவே இல்ல."

"கேட்டிருக்கணும்."

"கேட்டிருக்கணும். நானும் குடுத்திருக்கணும், விடுங்க. என் பள்ளிக்கூடத்துல அம்மை வந்தா நான் கேட்டப் பூட்டிட்டு, அப்புறம்தான் கல்வி அதிகாரிக்கே சொல்லுவேன். நீங்க எட்டு நாள் லேட்டு. லேட்டா வந்தாலும் வந்த பிள்ளைக்கு வருகை போடுறவ நான்." குரல் கொஞ்சம் இளகியது. "சனிக்கிழமை வர்றோம். நாய்க்கிட்ட போகாம, பந்தல்லயே உக்காந்துக்கிறோம். அந்தப் பட்டேல் வீட்டுக் குட்டி எப்படி இருக்குன்னு ராத்திரி எனக்குச் சொல்லணும்."

போனை வைத்துவிட்டு அபோந்தி ஒதேரோவைப் பார்த்தாள். ஒதேரோ தலைக்கு மேல் இரண்டு கையையும் தூக்கினான், தோற்றுப்போனவனாக. பிறகு எழுந்து, பந்தலுக்கு அளக்க விட்ட இடத்திலிருந்து மறுபடி நாடாவைப் பிடித்தான். மேலே கொட்டகையில் ஜெனரல் ஒருமுறை இருமி ஓய்ந்தது. அட்டைப்பெட்டிக்குள் லட்டு தலையைத் தூக்கி, அவள் விரலை நக்கியது.

ஐந்து மாதத்தில் முதல்முறையாக, சனிக்கிழமை சொல்ல வேண்டிய சொல்லை அபோந்தி வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். நாக்கு தடுக்கவில்லை.

"பை சாமான் அறையிலதான் இருக்கு" என்றாள் மகளிடம். "அட்டைய எடு. எங்க இருந்து புடிச்சுட்டு வந்தான்னு டாக்டருக்குச் சொல்லணும்."

அவினோ பையோடு வந்தாள். ஒரு போர்வை, ஒரு ரப்பர் பந்து, பக்கவாட்டு ஜிப்புக்குள் நீல நிற அட்டை. எட்டு நாளாக இந்த வீட்டிலேயே, இரண்டு சுவர் தள்ளி இருந்திருக்கிறது. மேஜை மேல் விரித்து, மருந்துக் கடைக்காரியின் பழக்கத்தில், வரிவரியாக விரலை ஓட்டினாள்.

"ரேபிஸ் போட்டிருக்கு. மத்த ஊசியும் போட்டிருக்கு. இருமல் மருந்துக் கட்டம் காலி." விரல் அடுத்த பக்கத்துக்குப் போனது. "இதோ இருக்கு. நைரோபியில ஒரு நாய் விடுதி முத்திரை. பத்து நாள் இருந்திருக்கான், இங்க வர்றதுக்கு முந்தின நாள் வரைக்கும். அங்கதான் ஒட்டியிருக்கணும்."

"போன் நம்பர் இருக்கா பாரு. அவங்களுக்கும் சொல்லிருவோம்."

நம்பருக்காக அவினோ அட்டையின் முதல் பக்கத்தைத் திருப்பினாள். விரல் மேல்வரியிலிருந்து இறங்கி, ஒரு இடத்தில் நின்றது. எடுக்கவில்லை.

அபோந்தி கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தாள். உருண்டையான, நிதானமான கையெழுத்து. நாயின் பெயர்: ஜெனரல். வயது: ஒன்று. உரிமையாளர்: திருமதி ஒமோலோ.

தோர்சிலாவைத் திருமதி ராபுரு என்றுதான் ஊரே அழைக்கும். அட்டை போட்ட தேதி இரண்டு வருடத்துக்கு முந்தையது; அவினோ இன்னும் திருமதி ஆகவில்லை.

ஒதேரோ நாடாவை மடக்கியபடியே எட்டிப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். "கிளினிக்குல எழுதுற பொண்ணு தப்பா எழுதியிருக்கும்" என்றான்.  அவனே அதை மறுபடி சொல்லவில்லை.

அபோந்தி மகளின் முகத்தைப் பார்த்தாள். அங்கே அழுகை இல்லை. காலையில் ஜெனரலின் வாயைப் பிளந்து டார்ச் அடித்தபோது இருந்த அதே கவனம்.

அவினோ அட்டையை மூடினாள். குழாயடிக்குப் போய்க் கையைச் சோப்புப் போட்டு, விரலிடுக்கெல்லாம் கழுவினாள். கொட்டகைக்கான அங்கியை மாட்டிக்கொண்டு, வெந்நீரில் ஒரு கரண்டி தேனைக் கலக்கினாள்.

"மணி அஞ்சு ஆச்சு. ஜெனரலுக்குக் குடுத்துட்டு வந்துடறேன். அவன் என்ன செஞ்சான் பாவம்."

"அவினோ" என்றாள் அபோந்தி. கேட்க வேண்டியது நிறைய இருந்தது. ஒன்றுதான் வந்தது. "ஒமோலோகிட்ட கேக்கப் போறியா?"

மகள் கிண்ணத்தோடு வாசலில் திரும்பினாள்.

"கேக்க வேண்டியதக் கேக்காம விட்டா என்ன ஆகும்னு, காலையிலேருந்து பாத்துட்டுத்தானேம்மா இருக்கோம்."

அவள் மேட்டில் ஏறிப் போவதை அபோந்தி பார்த்துக்கொண்டு நின்றாள். சற்று முன் தடையில்லாமல் வந்த அந்தச் சொல் நாக்கின் அடியில் இருந்தது. அதைத் துப்பவும் இல்லை, விழுங்கவும் இல்லை. பெட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து, லட்டுவின் விலாவில் கை வைத்து, மறுபடி முதலிலிருந்து எண்ணத் தொடங்கினாள்.